ஒலிக்கும் இலக்கு

சென்னை மெரினாக் கடற்கரையில் மாலை வேளையில் உலாவியவர்கள் பலூன் சுடும் கடையைக் கண்டிராமல் இரார். ஒரு தட்டியில் வரிசை வரிசையாகப் பலூன்கள். எதிரே மேசைமீது ஒரு காற்றுத் துப்பாக்கி. சில காசுகளுக்குச் சில குண்டுகள். குறி தப்பினால் ஓசை ஏதும் இல்லை. தப்பாவிடில் 'பட்' என்று ஓர் ஒலி. அந்த ஒலிக்காகவே சிறுவர் காசு கொடுக்கின்றனர். நாம் பிழைப்பின் பொருட்டுத் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் குடிபெயர்ந்தோம். அங்குள்ள பொருட்காட்சிகளிலும் இக்கடையைக் கண்டிருக்கிறோம். ஊர் மாறினாலும் அந்த ஒலியில் நாம் கொள்ளும் மகிழ்ச்சி மாறுவதில்லை.

சுட்டவனுக்கு அவன் இலக்கே விடை சொல்ல வேண்டும் என்பது பழைய ஆசை. அந்த ஆசையிலிருந்துதான் இரும்பு இலக்கும் அதன் வழிவந்த எஃகு இலக்கும் தோன்றின. பொழுதுபோக்குக்காகவும் போட்டிக்காகவும் சுடுகின்றவர்கள் தம் இலக்கை எதனால் செய்தார்கள், எதனைக் கைவிட்டார்கள், எதற்குத் திரும்பினார்கள் என்பதே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட வரலாறு. இது வெறும் விளையாட்டுப் பொருளின் வரலாறு அன்று. இலக்கின் அருகே நிற்பவன் உயிரும், இலக்காக நிறுத்தப்பட்ட வாயில்லா உயிர்களும் இவ்வரலாற்றில் இடம் பெறுகின்றன.

தொடக்கத்தை இங்கிலாந்தில் காண்போம். பிரெஞ்சுப் படையெடுப்பு நேருமோ என்ற அச்சம் அந்நாட்டில் பரவியிருந்த 1859ஆம் ஆண்டில், குடிமக்கள் தாமே முன்வந்து தொண்டர் படைகளில் சேர்ந்தனர். அவர்களுக்குக் குறிபார்த்துச் சுடும் பழக்கத்தை ஊட்டும் பொருட்டுத் தேசியத் துப்பாக்கிச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் முதற் போட்டி 1860ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் லண்டனை அடுத்த விம்பிள்டன் திடலில் தொடங்கியது. விக்டோரியா அரசியாரே முதற் குண்டைச் சுட்டார். ஜோசப் விட்வொர்த் என்னும் பொறியாளர் தாம் செய்த துப்பாக்கியை ஓர் இரும்புத் தாங்கியில் அசையாமல் பொருத்தி, நானூறு கஜத் தொலைவிலிருந்த இலக்கை நோக்கி நிறுத்தியிருந்தார். அரசியார் பட்டுக் கயிற்றை இழுத்தார். குண்டு நடுப்புள்ளியிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்கும் குறைந்த தொலைவில் பட்டது. சுட்டது அரசியாரின் கை. குறி பார்த்தது பொறியாளரின் கண் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அந்நாளில் அத்தகைய திடல்களில் நின்றவை வார்ப்பிரும்புப் பலகைகள். ஒவ்வொன்றும் 6 அடி உயரமும் 2 அடி அகலமும் உடையது. தொலைவு கூடக் கூடப் பலகைகளை அடுத்தடுத்து நிறுத்தி இலக்கின் அகலத்தைக் கூட்டினர். பலகைக்கு வெள்ளையடித்து நடுவே கருநிறக் குறி தீட்டுவர். அந்நாளைய குண்டு மெல்லிய ஈயத்தால் ஆனது. அது இரும்பில் மோதியதும் அப்பம்போல் தட்டையாகிச் சிதறும்; வெள்ளைப் பரப்பில் ஒரு கறையை விட்டுச் செல்லும்; அதனோடு மணியடித்தாற்போன்ற ஓர் ஒலியையும் எழுப்பும்.

அந்தக் கறையைப் பார்த்துச் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும் அன்றோ? இலக்கின் பக்கத்திலேயே இரும்புத் தடுப்பின் பின்னோ, மண்ணில் தோண்டிய குழியிலோ அவன் அமர்ந்திருப்பான். குண்டு பட்ட இடத்தைக் கண்டு, நீண்ட கோலின் முனையிலுள்ள வட்டத் தகட்டை உயர்த்திக் காட்டுவான். பலகை கறைபட்டுப் போனால் அபாயக் கொடியை உயர்த்துவான்; சுடுதல் நிற்கும். அவன் சுண்ணாம்பு வாளியும் தூரிகையுமாக வெளியே வந்து பலகையை மீண்டும் வெள்ளையடிப்பான். போட்டியில் வென்றவர் பெயர்கள் ஏடுகளில் பொறிக்கப்பட்டன. வாளியேந்திய இவன் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் இலக்கின் வரலாற்றில் நிகழ்ந்த மாற்றங்களுள் பல இவன் தலைக்கு வரும் ஆபத்தைக் குறைப்பதற்காகவே நிகழ்ந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

இரும்புப் பலகையின் புகழ் உச்சியை எட்டியது அமெரிக்காவில். நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் கிரீட்மூர் என்னுமிடத்தில் 1873ஆம் ஆண்டில் ஒரு சுடுதிடல் திறக்கப்பட்டது. மறுஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் அங்கே அயர்லாந்து அணிக்கும் அமெரிக்க அணிக்கும் போட்டி நடந்தது. 800, 900, 1000 கஜம் என மூன்று தொலைவுகள். ஐரிஷ்காரர்கள் வாய்வழியே மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிகளைக் கொண்டு வந்தனர். அமெரிக்கர் பின்புறம் திறந்து தோட்டா இடும் புதுவகைத் துப்பாக்கிகளை எடுத்தனர். ஆயிரக்கணக்கான மக்கள் கூடி நின்றனர். ஆயிரம் கஜம் என்றால் நம் கணக்கில் ஏறத்தாழ 914 மீட்டர். குண்டு அவ்வளவு தொலைவு பறந்து சென்று இரும்பில் மோத வேண்டும். பின்னர் அந்த ஒலி அவ்வளவு தொலைவு திரும்பி வர வேண்டும். ஒலி திரும்புவதற்கு மட்டுமே இரண்டரை வினாடிக்கு மேல் ஆகும். சுட்டபின் கூட்டம் மூச்சடக்கிக் காத்திருந்தது அந்த ஒலிக்காகவே.

அன்றைய முடிவை உறுதி செய்தவை இரண்டு குண்டுகள். ஐரிஷ் அணியைச் சேர்ந்த மில்னர் என்பவர் சுட்ட குண்டு இரும்பில் நன்றாகவே ஒலித்தது; நடுக்குறியிலேயே பட்டது. ஆனால் அது அவருக்குரிய இலக்கு அன்று, பக்கத்து இலக்கு! அதற்கு மதிப்பெண் ஏதும் இல்லை. இறுதியில் அமெரிக்க அணி ஒரு மதிப்பெண் பின்தங்கியிருந்தபோது ஜான் போடைன் என்பவர் ஒருவரே சுட வேண்டியிருந்தார். அதற்குச் சற்று முன்னர்ப் பானப் புட்டி ஒன்று உடைந்து அவர் கையைக் கிழித்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்தபடியே அவர் சுட்டார். ஒலி வந்தது, வெண்தகடு உயர்ந்தது, நான்கு மதிப்பெண். 934க்கு 931 என்று அமெரிக்கர் வென்றனர். மில்னரின் குண்டு தன் இலக்கிலேயே பட்டிருந்தால் முடிவு ஒரு மதிப்பெண்ணில் மாறியிருக்கும். ஒலி கேட்டதனால் மட்டும் வெற்றியாகாது. எங்கே ஒலித்தது என்பதும் வேண்டும் என்ற பாடத்தை அன்று உலகம் கற்றது.

இவ்வளவு புகழ் பெற்ற இரும்புப் பலகை அந்தப் பத்தாண்டிலேயே பின்வாங்கத் தொடங்கியது. அதன் குறைகள் மூன்று. சிதறிய ஈயக் கறையைக் கொண்டு குண்டு பட்ட இடத்தை நுட்பமாக அளக்க இயலாது. சிதறிய துணுக்குகள் குறி காட்டுவோனை அச்சுறுத்தின. பலகையின் பாரமோ சொல்லி முடியாது. ஆகவே சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின்மேல் காகிதம் ஒட்டிய இலக்குகள் வந்தன. குறி காட்டுவோன் மண்மேட்டின் பின்னே ஆழ்ந்த குழியில் நின்று, இலக்கைக் கீழே இறக்கித் துளையை அளந்து, காகிதத்தால் அடைத்து மீண்டும் உயர்த்தினான். 1880களின் பிற்பகுதியில் புகையில்லா வெடிமருந்தும் கடினமான உறை போர்த்திய விரைவுக் குண்டும் வந்தபின், பழைய வார்ப்பிரும்பு அவற்றுக்கு ஈடுகொடுக்க மாட்டாததாயிற்று. விம்பிள்டன் போட்டிகள் 1890ஆம் ஆண்டில் பிஸ்லி என்னும் ஊருக்கு மாறின. ஒலி அடங்கியது, நுட்பமான அளவு ஆட்சிக்கு வந்தது.

இதே காலத்தில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. சிதறு ரவைத் துப்பாக்கியினர் உயிருள்ள புறாக்களைக் கூண்டிலிருந்து பறக்கவிட்டுச் சுட்டு வந்தனர். புறாவுக்குப் பதிலாக 1860களில் கண்ணாடிப் பந்துகளை வீசிச் சுடும் வழக்கம் அமெரிக்காவில் தோன்றியது. உடைந்த கண்ணாடி நிலமெங்கும் சிதறியது. பின்னர் 1880ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் களிமண்ணால் ஆன சிறு தட்டுக்கு உரிமை பெற்றார். அது பறவையைப்போல் மிதந்து சென்றது, பட்டால் தூளானது. இன்றும் அதற்குக் 'களிமண் புறா' என்றே பெயர் வழங்குகிறது. எனினும் பழைய வழக்கம் உடனே ஒழிந்ததா எனில், இல்லை. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் விழாவில் உயிர்ப் புறாக்களைச் சுடும் போட்டி நடந்தது. கூண்டுப் பறவைகளைப் பறக்கவிட்டுச் சுடுவதை இங்கிலாந்து 1921ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் தடுத்தது.

இனி மெக்சிகோவுக்குச் செல்வோம். அந்நாட்டுத் திருவிழாக்களில் கோழியையும் வான்கோழியையும் ஆட்டையும் தொலைவில் கட்டி வைத்துச் சுடும் வழக்கம் இருந்தது. முதலில் குருதி காணச் செய்தவனுக்கே அவ்விலங்கு பரிசு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், 1948ஆம் ஆண்டையொட்டி, மெக்சிகோ நகரில் உயிர் விலங்குக்குப் பதிலாக அதன் உருவில் வெட்டிய உலோகத் தகட்டை நிறுத்திப் போட்டி நடத்தினர். கோழி 200 மீட்டரில். காட்டுப்பன்றி 300 மீட்டரில். வான்கோழி 385 மீட்டரில். ஆட்டுக்கடா 500 மீட்டரில். சுடுபவர் எவ்விதத் தாங்கலும் இன்றி நின்றபடியே சுட வேண்டும். ஐந்து உருவங்களை இரண்டரை நிமிடத்துக்குள் இடமிருந்து வலமாக முறையே வீழ்த்த வேண்டும். குண்டு பட்டால் போதாது. உருவம் பீடத்திலிருந்து விழ வேண்டும். விழுந்தால் ஒன்று, விழாவிட்டால் சுழி. அளவுகோலும் தேவையில்லை, வழக்கும் இல்லை. இவ்விளையாட்டு எல்லை கடந்து அமெரிக்காவின் அரிசோனாவை அடைந்தது. 1973ஆம் ஆண்டில் டூசான் நகரில் அந்நாட்டின் தேசியப் போட்டியாக ஏற்றம் பெற்றது.

இவ்வாறு, குறி காட்டுவோனைக் காக்க ஒதுக்கப்பட்ட உலோகம், விலங்கைக் காக்கத் திரும்பி வந்தது. ஆனால் பழைய ஆபத்தும் அதனோடு திரும்பி வந்ததே! சிதறும் துணுக்கை என் செய்வது? இக்கேள்விக்கு விடை தந்தவர்கள் எஃகு செய்வோர்.

நம்முள் பலர் ஜாம்ஷெட்பூரிலும் பிலாயிலும் ரூர்கேலாவிலும் உலைகளின் ஒளியில் வாழ்நாளைக் கழித்தவர்கள். அவர்களுக்கு நாம் சொல்லப்போவது புதிதன்று, மற்றவர்க்காகச் சொல்கிறோம். சமையலறைக் குழாயைத் திறந்து அதன்கீழ் ஒரு கரண்டியின் குழிந்த பக்கத்தைக் காட்டுங்கள். நீர் வளைந்து எழுந்து நம் முகத்திலேயே அடிக்கும். பின்னர் ஒரு சமமான தட்டைக் காட்டுங்கள். நீர் தட்டின் பரப்போடு பக்கங்களில் பரவி ஓடிவிடும். குண்டும் அப்படியே. மென்மையான எஃகில் விரைவுக் குண்டு பட்டால் குழி விழுகிறது. அடுத்த குண்டு அக்குழியில் பட்டால் அதன் துணுக்குகள் வளைந்து சுட்டவனை நோக்கியே திரும்புகின்றன. குழி விழாத கடினமான சமப்பரப்பில் பட்டால், குண்டு தானே நொறுங்கிப் பலகையின் பரப்பை ஒட்டிப் பக்கங்களில் சிதறுகிறது. ஆகவே இலக்குக்குரிய எஃகு மென்மையாக இருந்தால் பாதுகாப்பு என்று எண்ணுவது தவறு. கடினமாக இருப்பதே பாதுகாப்பு.

கடினத்தை அளப்பதெப்படி? சுவீடன் நாட்டுப் பொறியாளர் பிரினெல் 1900ஆம் ஆண்டில் ஒரு முறையை வெளியிட்டார். பத்து மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கடினமான குண்டுமணியை 3000 கிலோ பாரத்தால் உலோகத்தின்மேல் அழுத்துவது. விழுந்த பள்ளத்தின் அகலத்தை அளப்பது. பள்ளம் சிறிதாயின் எண் பெரிது. சாதாரணக் கட்டட எஃகுக்கு இந்த எண் ஏறத்தாழ 120. இலக்குப் பலகைக்கு இன்று விரும்பப்படுவது 500 அளவிலான எஃகு. இது முதலில் இலக்குக்காகப் பிறந்ததன்று. சுரங்கங்களில் கல்லும் தாதும் உராய்ந்து தேயாத சரிவுத் தொட்டிகளுக்கும் லாரிப் படுகைகளுக்கும் செய்யப்பட்ட தேய்வுதாங்கி எஃகு. சுடுவோர் அதனைக் கடன் வாங்கிக்கொண்டனர்.

நம் ஊர்க் கொல்லர் அரிவாளைக் காய்ச்சி நீரில் அமிழ்த்துவதைத் 'தோய்ச்சல்' என்பர். இந்தப் பலகையும் அவ்வாறே செந்நிறமாகக் காய்ச்சப்பட்டு நீரால் விரைந்து குளிர்விக்கப்படுகிறது. பின்னர் இளஞ்சூட்டில் பதப்படுத்தப்படுகிறது. பழந்தமிழகத்தில் நொய்யற்றங்கரைக் கொடுமணலில் உலைகளும் மூசைகளும் அகழ்வாய்வில் கிடைத்துள்ளன. மூசையில் உருக்கிய தென்னிந்திய எஃகு கரிச்சத்து மிகுந்தது. வாளின் கூர்மைக்கு ஏற்றது. இலக்குப் பலகைக்கோ அவ்வளவு கரி ஆகாது. நூற்றில் 0.3 பங்கு அளவே கரி கொண்டு, கடினமும் உடையாத உரமும் ஒருங்கே பெற வேண்டும். கடினம் ஒன்றே போதுமெனில் கண்ணாடியே சிறந்த இலக்காகியிருக்கும்.

இப்பதத்தைக் கெடுப்பது தீ. தோய்ச்சல் பெற்ற பலகையைச் சாதாரண வாயுச் சுடரால் நிதானமாக வெட்டினால், வெட்டிய விளிம்பை ஒட்டி ஒரு பட்டை மென்மையாகிவிடும். பின்னர்க் குழி விழுவது அங்கேதான். ஆகவே நீர்த்தாரையாலோ, சூடு அதிகம் பரவாதபடி வேறு கருவியாலோ வெட்டுகின்றனர். குண்டு படும் முகத்தில் பற்றவைப்புக் கூடாது என்பதும் இதனாலேயே. பலகையைத் தொங்கவிடும்போது அதன் முகம் சற்றே தரையை நோக்கிச் சாயும்படி அமைக்கின்றனர். பக்கவாட்டில் செல்லும் துணுக்குகளுள் பெரும்பகுதி மண்ணில் புதைய அச்சாய்வு உதவுகிறது. பலகையைத் தாங்கும் கால்களும் ஆணிகளும் சுடுவோனுக்கு நேரே துருத்தி நிற்கலாகாது. தொங்கும் பலகை அடிபட்டதும் ஆடி அசைந்து அடியின் வேகத்தில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். அசையாமல் இறுக்கிய பலகைக்கு அந்த நயம் இல்லை.

தொலைவுக்கும் வரம்பு உண்டு. கைத்துப்பாக்கிக்குக் குறைந்தது பத்துக் கஜம், விரைவுக் குண்டு சுடும் நீள்துப்பாக்கிக்குக் குறைந்தது நூறு கஜம் என்பது பரவலாகக் கொள்ளப்படும் வரம்பு. எஃகு உள்ளீடு கொண்ட குண்டை எஃகு இலக்கில் சுடுவதே இல்லை. சுடுவோரேயன்றிப் பார்ப்போரும் கண்ணாடி அணிய வேண்டும். குழி விழுந்த பலகையை, வளைந்த பலகையை, விளிம்பு சிதைந்த பலகையை இரக்கமின்றிக் கழித்துவிட வேண்டும். 'இன்னும் ஒரு நாள் ஓடட்டும்' என்ற சிக்கனத்துக்குக் கண்ணை விலையாகக் கொடுக்க நேரலாம்.

எஃகு இலக்கு இன்று ஒலிம்பிக் அரங்கிலும் உண்டு. பனிச்சறுக்கும் சுடுதலும் இணைந்த குளிர்காலப் போட்டியில், 50 மீட்டர் தொலைவில் ஐந்து கருவட்டங்கள் வரிசையாக நிற்கும். படுத்துச் சுடுவோர்க்கு வட்டம் 45 மில்லிமீட்டர். நின்று சுடுவோர்க்கு 115 மில்லிமீட்டர். குண்டு பட்டதும் உலோகத் தகடு சாய்ந்து கருமை மறைந்து வெண்மை தோன்றும். சுண்ணாம்பு வாளியேந்தி ஓடி வரும் ஆள் அங்கே தேவையில்லை.

நம் நாட்டுச் செய்திக்கு வருவோம். இந்தியத் தேசியத் துப்பாக்கிச் சங்கம் 1951ஆம் ஆண்டில் தோன்றியது. மக்களவையின் முதல் சபாநாயகராகிய மவளங்கர் அதன் முதல் தலைவராயிருந்தார். 1962ஆம் ஆண்டில் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் பிகானேர் மன்னர் கர்ணி சிங் களிமண் புறாவைச் சுட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஒரு காலத்தில் அரச குலத்தவரின் துப்பாக்கி காட்டு விலங்கை நோக்கியே நீண்டிருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைப் பொழுதுபோக்காகக் கொள்ளும் வழியை அடைத்தது. புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் குறி வைத்தது களிமண் தட்டையே. 1900ஆம் ஆண்டில் அதே பாரிஸில் புறாக்கள் விழுந்தன என்பதை எண்ணிப் பார்க்குமிடத்து, நூற்றிருபத்து நான்கு ஆண்டுகளில் மனிதன் சற்றே முன்னேறியிருக்கிறான் என்று நாம் ஆறுதல் கொள்ளலாம்.

நமக்கு இன்னும் நெருக்கமான பெயர் ஒன்று உண்டு. கடலூரில் பிறந்து, குஜராத்தின் அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019ஆம் ஆண்டில் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் காற்றுத் துப்பாக்கியால் தங்கம் வென்றார். அவர் குறி வைப்பது பத்து மீட்டரில் உள்ள அரை மில்லிமீட்டர்ப் புள்ளி, கடுகினும் சிறியது. பிற மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லுங்கள். ஆர்வம் கொண்ட பிள்ளையை, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டு நடக்கும் முறையான சங்கத்துக்கே அழைத்துச் செல்லுங்கள். கொல்லைப்புறத்தில் பழைய இரும்புத் தகட்டை நிறுத்திச் சுட்டுப் பார்ப்போம் என்ற எண்ணத்துக்கு மட்டும் இடங்கொடாதீர்கள். அத்தகடு எப்பதத்தது, எங்கே குழிந்தது, துணுக்கை எங்கே அனுப்பும் என்பதை நாம் கண்ணால் கண்டு சொல்ல முடியாது.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது மெரினாவில் அந்தப் பலூன் கடையின் முன் சற்றே நில்லுங்கள். சுடும் சிறுவனை மட்டும் பார்த்து வந்துவிடாமல், தட்டியின் பக்கத்தில் நின்று உடைந்த பலூனை எடுத்துவிட்டுப் புதிதொன்று கட்டும் ஆளையும் பாருங்கள். விம்பிள்டன் திடலில் சுண்ணாம்பு வாளியோடு நின்றவனுக்கு அவன் உறவினன். அவன் விலகி நின்றானா என்று பார்த்துவிட்டுப் பின்னரே குண்டு போடும்படி சிறுவனிடம் சொல்லுங்கள்.